மறுத்துப் பேசும் மாதிரிகள்

(வேதியியல் ஆசிரியர்களும் முதுகலை மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பமிடப்பட்டது.)



சகப்பிணைப்பைச் செயல்பாடுகள் வழியே கற்பிப்பது பற்றிப் பேசும்படி அறக்கட்டளைக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். செயல்பாடு வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. வேண்டும் என்பதை இங்கே யாரும் மறுக்கமாட்டீர்கள். எந்தச் செயல்பாடு, எதற்காக என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

பள்ளி அறிவியல் கண்காட்சி எதற்குப் போனாலும் தெர்மோகோல் உருண்டைகளில் குச்சி செருகிய மீத்தேனையும் நீர் மூலக்கூறையும் பார்க்கலாம். வண்ணம் பூசி, பெயர் எழுதி, அழகாகவே வைத்திருப்பார்கள். அதைச் செய்த பிள்ளையிடம் "இந்தக் குச்சி என்னப்பா?" என்று கேளுங்கள். "பிணைப்பு சார்" என்பான். "பிணைப்பு என்றால்?" "எலக்ட்ரான் ஜோடியைப் பங்கிட்டுக்கொள்வது." "பங்கிட்டால் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும்?" உரையாடல் அங்கே நின்றுவிடும். புத்தகத்தில் இருந்த படம் தெர்மோகோலுக்கு இடம் மாறியிருக்கிறது. பிள்ளையின் எண்ணத்தில் எதுவும் அசையவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாணவனின் எதிர்பார்ப்பை மறுக்கும் வலு ஒரு மாதிரிக்கு இருந்தால்தான் அது கற்பிக்கும். எப்படிச் செய்தாலும் "சரி, சரி" என்று தலையாட்டும் மாதிரி அலங்காரப் பொருள். இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. எண்ணிக்கை வேறு, விசை வேறு

1916இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்வதே பிணைப்பு என்று எழுதினார். நாம் கரும்பலகையில் இடும் புள்ளிகள் அவர் வழி வந்தவை. இந்தப் புள்ளிக் கணக்கைப் புளியங்கொட்டையும் பாட்டில் மூடியும் கொண்டு நன்றாகவே நடத்தலாம். நைட்ரஜனுக்கு ஐந்து கொட்டை, ஹைட்ரஜனுக்கு ஒன்று. அம்மோனியாவை அமைக்கச் சொன்னால் மூன்று ஹைட்ரஜன் வேண்டும் என்பதையும், ஒரு ஜோடி தனித்து நிற்பதையும் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

ஆனால் இது கணக்குப்பிள்ளை வேலை. இதோடு நிறுத்தினால், "எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்று அணு விரும்புகிறது, அதனால் பிணைப்பு உண்டாகிறது" என்ற எண்ணம் வேரூன்றிவிடும். கேம்பிரிட்ஜின் கீத் டேபர் இந்த எண்ணத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அணுவுக்கு விருப்பம் கிடையாது. அங்கே இருப்பது மின்விசை. அதைக் கையால் காட்ட ஒரு சாக்பீஸ் போதும்.

வகுப்புத் தரையில் ஒரு நேர்கோடு வரைந்து சம இடைவெளியில் 0, 1, 2, 3 என்று குறியுங்கள். 0இலும் 2இலும் புரோட்டான் அட்டைகளை வையுங்கள். எலக்ட்ரான் அட்டையை 1இல் வைத்தால் என்ன ஆகும், 3இல் வைத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் முதலில் எழுதட்டும். எங்கே வைத்தாலும் எலக்ட்ரான் இரண்டு புரோட்டான்களையும் இழுத்துச் சேர்க்கும் என்றே பலர் எழுதுவார்கள். பிறகு கூலும் விதிப்படி கணக்குப் போடச் சொல்லுங்கள். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை, தொலைவு 2 என்பதால், 1/4. நடுவில் உள்ள எலக்ட்ரான் ஒவ்வொரு புரோட்டானையும் இழுக்கும் விசை 1. இழுப்பு வெல்கிறது, ஒவ்வொரு புரோட்டானும் 3/4 அளவில் உள்நோக்கி வருகிறது.

எலக்ட்ரானை 3க்கு நகர்த்துங்கள். அருகிலுள்ள புரோட்டானை அது 1 அளவில் வெளியே இழுக்கிறது. தூரத்துப் புரோட்டானை 1/9 அளவில்தான் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு 1/4 தள்ளுவிசையைச் சமாளிக்கப் போதாது. இரண்டும் விலகிப் போகின்றன. அதே எலக்ட்ரான், அதே புரோட்டான்கள். இருக்கும் இடம் மாறியதும் ஒட்டுவது பிரிப்பதாகிவிட்டது. மாணவன் எழுதிய விடையைத் தரையில் கிடக்கும் அட்டைகளே மறுத்துவிட்டன. "பங்கீடு" என்றால் இரு அணுக்கருக்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் எலக்ட்ரான் அடர்த்தி கூடுவது என்பதை இனி அவனுக்குச் சொன்னால் விளங்கும்.

2. பிரிக்க ஆற்றல் வேண்டும்

வேதியியலில் களைவதற்குக் கடினமான பிழைகளுள் ஒன்று, "பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிப்படும்" என்பது. பட்டம் பெற்றவர்களிடமும் இது உண்டு. சமையல் எரிவாயு எரிந்து சூடு தருகிறது, ஏடிபி உடைந்து உடலுக்கு ஆற்றல் தருகிறது என்று படித்தவர்கள், பிணைப்புக்குள் ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு காந்தங்களைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு உழைக்க வேண்டியிருக்கிறது என்பது விரல்களுக்கே தெரியும். விட்டால் 'டக்'கென்று மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஆற்றல் வெளிப்படுவது அப்போதுதான். இது முதல் படி. எரியும்போது மட்டும் சூடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் காந்தம் விடை சொல்லாது. அதற்குக் கணக்கு வேண்டும்.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆகும் வினையை எடுங்கள். H–H பிணைப்பைப் பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல், Cl–Cl பிணைப்பைப் பிரிக்க 242. ஆக 678 செலவு. இரண்டு H–Cl பிணைப்புகள் உருவாகும்போது தலா 431 வீதம் 862 வரவு. மிச்சம் 184 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. அட்டைச் சில்லுகளைப் பணமாக வைத்து, ஒரு குழு பிணைப்புகளை "வாங்கிப்" பிரிக்கவும் இன்னொரு குழு புதியவற்றை அமைத்து "வரவு" வைக்கவும் செய்யலாம். பிணைப்பை உடைத்தவனுக்குச் சில்லு கிடைக்காது, கொடுக்கத்தான் வேண்டும் என்ற ஒரே விதி போதும். "உடைத்தேனே, என் சில்லு எங்கே?" என்று ஒரு பிள்ளை கேட்கும் நேரம்தான் பாடம் நடக்கும் நேரம்.

3. கரும்பலகையின் தட்டை உலகம்

மீத்தேனின் நான்கு ஹைட்ரஜன்களை மேல், கீழ், இடம், வலம் என்று வரைந்தே பழகிவிட்டோம். நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆகஸ்ட் ஹாஃப்மன், குரோக்கே விளையாட்டுப் பந்துகளைக் கொண்டு மூலக்கூறு மாதிரிகளைக் காட்டியபோது, அவருடைய மீத்தேனும் தட்டையாகத்தான் இருந்தது.

1874இல் 22 வயது நிரம்பிய வாண்ட் ஹாஃப் ஹாலந்திலும், லெ பெல் பிரான்சிலும் கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று தனித்தனியே சொன்னார்கள். வாண்ட் ஹாஃப் அட்டையில் நான்முகிகள் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பினார். ஹெர்மன் கோல்பே போன்ற மூத்தவர்கள் அவரைப் பகிரங்கமாகவே எள்ளி நகையாடினார்கள். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அந்த அட்டைக்காரருக்குப் போனது வேறு கதை.

அவருடைய வாதத்தைப் பிள்ளைகள் களிமண்ணும் ஈர்க்குச்சியும் கொண்டு மறுபடி நடத்தலாம். டைகுளோரோமீத்தேனைத் தட்டையாகச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு குளோரின்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், எதிரெதிரே இருக்கலாம். ஆகவே இரண்டு வெவ்வேறு சேர்மங்கள் இருந்தாக வேண்டும். ஆய்வகத்தில் கிடைப்பதோ ஒன்றே ஒன்று. பிறகு நான்முகி வடிவில் செய்யச் சொல்லுங்கள். குளோரின்களை எப்படி மாற்றிச் செருகினாலும், திருப்பிப் பார்த்தால் அதே பொருள்தான். தட்டை மாதிரி இயற்கையிடம் தோற்றது, நான்முகி பிழைத்தது. அடுத்து நான்கு வண்ண உருண்டைகளைச் செருகி, இரண்டை மட்டும் இடம் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத ஆடிப்பிம்பங்கள் கிடைக்கும். லாக்டிக் அமிலத்தின் ஒளிச்சுழற்சிக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

கோணம் ஏன் 109.5 பாகை என்று கேட்பவர்களுக்கு நான்கு பலூன்களை ஊதி, வாய்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். மேசைமேல் தட்டையாக அமுக்கினாலும், கையை எடுத்ததும் நான்முகிக்கே திரும்பும். ஒன்றைச் சற்றுப் பெரிதாக ஊதினால் மற்ற மூன்றும் நெருங்கும். அம்மோனியாவில் 107, நீரில் 104.5 என்று கோணம் குறைவதற்குத் தனித்த ஜோடி கூடுதல் இடம் எடுத்துக்கொள்வதே காரணம் என்ற கில்லெஸ்பி–நைஹோம் விளக்கத்தை, 1957இல் வெளிவந்ததை, பிள்ளைகள் தாமே ஊகித்துவிடுவார்கள்.

4. கொதிப்பது வேறு, உடைவது வேறு

கண்ணுக்குத் தெரியும் பொருள், காணாத மூலக்கூறு, தாளில் எழுதும் குறியீடு என்று வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது என்றார் கிளாஸ்கோவின் அலெக்ஸ் ஜான்ஸ்டன். உருண்டையும் குச்சியும் இரண்டாம் தளத்திலேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. முதல் தளத்துக்கு இறங்கி வர வேண்டும்.

தண்ணீர் கொதிக்கும்போது எது பிரிகிறது? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். ஓர் ஆக்சிஜன் இரு ஹைட்ரஜன்களின் கைகளைப் பிடித்துக்கொள்ள, மும்மூன்று பேராக நீர் மூலக்கூறுகள் நிற்கட்டும். "கொதிக்கிறது" என்றதும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் கையை விட்டுவிட்டு ஓடுவார்கள். அப்போது எண்களைச் சொல்லுங்கள். ஒரு மோல் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் போதும்; அதிலுள்ள O–H பிணைப்புகள் இரண்டையும் உடைக்க ஏறத்தாழ 926 வேண்டும். இருபது மடங்குக்கும் மேல். கையை விடாமல் குழு குழுவாக விலகி ஓடுவதுதான் கொதித்தல்.

அடுத்து, "சகப்பிணைப்புச் சேர்மங்கள் குறைந்த வெப்பநிலையில் உருகும், மின்சாரத்தைக் கடத்தா" என்று பாடநூல் அட்டவணை சொல்கிறது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், இரண்டு கம்பிகள், பேட்டரி கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர் ஆகியவற்றைக் கொடுங்கள். சர்க்கரைக் கரைசலில் விளக்கு எரியாது, உப்புக் கரைசலில் எரியும், அட்டவணை வென்றது. வினிகரில் கம்பியை வைத்தால் மங்கலாக எரிகிறது. அசெட்டிக் அமிலம் சகப்பிணைப்புச் சேர்மம் ஆயிற்றே? பென்சில் முனையிலும் எரிகிறது. மெழுகு கைச்சூட்டிலேயே இளகுகிறது, சரி; ஆற்று மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸ் உருக ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வேண்டும். சாப்பாட்டு உப்புக்கு 801 பாகையே போதும்.

விதிக்குள் அடங்காத இந்த மூன்றும் மாணவனைக் கேள்வி கேட்க வைக்கும். உருகும்போது விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள தளர்ந்த கவர்ச்சியா, அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பேதானா? மெழுகில் முன்னது, மணலில் பின்னது. வினிகரில் அமிலம் தண்ணீரோடு வினைபுரிந்து கொஞ்சம் அயனிகளைத் தருகிறது. பென்சிலின் கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று அண்டைக் கார்பன்களோடு மட்டும் பிணைந்திருப்பதால், நான்காவது எலக்ட்ரான் தாள் முழுதும் உலவ முடிகிறது.

5. உண்மை, வசதி, பொய்

இதுவரை சொன்ன மாதிரிகள் அத்தனையும் எங்கோ ஓரிடத்தில் பொய் சொல்கின்றன. அந்த இடத்தை மாணவனே சுட்டிக்காட்ட வேண்டும். ஒவ்வொரு செயல்பாட்டின் முடிவிலும் நோட்டில் மூன்று பத்திகள் இடச் சொல்கிறேன்: இந்த மாதிரியில் எது உண்மை, எது வெறும் வசதி, எது பொய்?

ஹாஃப்மனின் பந்துகளில் கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு. நாம் இன்றும் கையாளும் இந்த வண்ணங்கள் வசதி. தனி அணுவுக்கு வண்ணம் கிடையாது. தரையில் வைத்த எலக்ட்ரான் அட்டை விசையின் திசையைச் சரியாகவே சொன்னது, அது உண்மை. ஆனால் எலக்ட்ரான் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகக் காட்டியது, அது பொய். ஹைட்ரஜன் மூலக்கூறை ஒழுங்காக விளக்க 1927இல் ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் இயக்கவியலோடு வரவேண்டியிருந்தது. பலூன்கள் ஒன்றையொன்று ரப்பரால் தள்ளுகின்றன. எலக்ட்ரான் ஜோடிகள் விலகி நிற்பதில் பவுலி தவிர்ப்புத் தத்துவத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை நாட்டுக்குத் தந்தார். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் சூழலில் பிறந்த உத்தி அது. ஆறு குச்சிகளில் அருமையான நான்முகி கிடைக்கும். ஆனால் அந்தக் குச்சிகள் பிணைப்புகள் அல்ல. கார்பன் இருக்க வேண்டிய நடு இடம் காலியாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் கொடுத்தால் மீத்தேனுக்கு ஆறு பிணைப்பு என்று பிள்ளை எண்ணிவிடும். சொல்லிக் கொடுத்தால், வடிவத்தின் விளிம்பும் பிணைப்பும் வேறு வேறு என்பது தெளிவாகும்.

ஆசிரியர்களையே ஏமாற்றும் செயல்பாடும் உண்டு. தலைவாரிய சீப்பைக் குழாய்நீர் அருகே கொண்டுபோனால் நீர்த்தாரை வளையும். "நீர் முனைவுறு மூலக்கூறு, அதனால் வளைகிறது" என்று முடித்துவிடுகிறோம். சீரான மின்புலம் முனைவுறு மூலக்கூறைத் திருப்பி நிறுத்துமே தவிர, ஒரு பக்கமாக இழுக்காது. புலம் சீரற்றிருந்தாலும் அந்த இழுவிசை மிகச் சிறியது. தண்ணீரில் உள்ள அயனிகள் நகர்ந்து தாரையிலேயே எதிர் மின்னூட்டம் சேர்வதுதான் வளைவுக்கு முக்கியக் காரணம். செயல்பாட்டைக் கைவிட வேண்டாம். முனைவுத்தன்மைக்குச் சாட்சியாக மட்டும் அதைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

மாதிரி முழுதாகவே தோற்கும் இடம் ஆக்சிஜன். புளியங்கொட்டையில் O₂ செய்தால் எல்லா எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்துவிடும். அப்படியானால் காந்தம் அதை ஈர்க்கக் கூடாது. மைனஸ் 183 பாகையில் நீர்மமாகும் ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கிடையே ஊற்றினால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. இதைப் பள்ளியில் செய்துகாட்ட முடியாது, காணொளியில் காட்டலாம். பதினொன்றாம் வகுப்பில் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு, லூயிஸின் புள்ளிகள் தோற்ற இந்தக் காட்சியைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

6. பெரிய ஆய்வும் இதே வழியில்தான்

"இதெல்லாம் குழந்தை விளையாட்டு" என்று முகம் சுளிக்கும் சக பேராசிரியர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுத்திருந்த லைனஸ் பாலிங், ஒரு தாளில் பெப்டைடு சங்கிலியை வரைந்து மடித்துப் பார்த்தார். பெப்டைடு பிணைப்பு தட்டையாகத்தான் இருக்கும், முறுக்க முடியாது என்ற கட்டுப்பாட்டை அவர் கைவிடவில்லை. அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் ஆல்ஃபா சுருள் கிடைத்தது, 1951இல் அது வெளியானது.

நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் கொலாஜனின் முச்சுருள் அமைப்பை முன்வைத்தார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று அதன்மேல் விமர்சனம் வந்தது. பிணைப்பில் இல்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியை அவர் விடவில்லை. 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு வெளியிட்ட கட்டுரை, பெப்டைடு சங்கிலியைத் திருப்பக்கூடிய இரண்டு கோணங்களை அச்சுகளாகக் கொண்டு, எந்தச் சேர்க்கையில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்று வரைபடமாக்கியது. ராமச்சந்திரன் வரைபடத்தின் பெரும்பகுதி "இங்கே இருக்க முடியாது" என்றே சொல்கிறது. இன்றும் புதிய புரத அமைப்பு ஒவ்வொன்றையும் அதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். மாதிரியின் மறுப்பையே அறிவாக மாற்றிய சாதனை இந்த ஊரில் நடந்தது.

நண்பர்களே, முடிக்குமுன் நடைமுறை பற்றி. 60 பேர் உள்ள வகுப்பு, 45 நிமிடப் பாடவேளை, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், எல்லாம் அறிவேன். இங்கே சொன்ன அனைத்தையும் செய்யச் சொல்லவில்லை. ஓர் ஆண்டில் இரண்டு செய்யுங்கள். செய்வதற்கு முன் கணிப்பைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பென்சில் என்றால் விடை தெரிந்ததும் அழித்துவிடுவார்கள். மாதிரியின் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். கணிப்பு எங்கே தவறியது, ஏன் தவறியது என்று எழுதியதற்குப் போடுங்கள்.

வினாத்தாள் அமைக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். "மீத்தேனின் அமைப்பை வரைக" என்ற வினாவுக்கு அருகில் "மீத்தேன் தட்டையாக இல்லை என்பதற்கு ஒரு சான்று தருக" என்ற வினாவையும் வையுங்கள். இரண்டு மதிப்பெண் போதும். அந்த இரண்டு மதிப்பெண் வினாத்தாளில் வந்துவிட்டால், களிமண்ணும் ஈர்க்குச்சியும் வகுப்பறைக்குள் தாமாக வந்துவிடும். அதற்கென்று தனிச் சுற்றறிக்கை எதுவும் தேவைப்படாது.